தீப்பெட்டிக் கக்கூஸ்

முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே இதைக் கையில் எடுக்கிற என் வயசுக்காரிகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி உங்கள் தலைமேல்தான் இருக்கும், தடவிப் பாருங்கள். கிடைத்துவிட்டதா, சரி. இது கக்கூஸ் பற்றிய விஷயம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம். நம் வயதில் சாப்பாட்டுக்கும் அதற்கும் நடுவில் அதிக நேரம் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு நாள் பேத்தி ஸ்கூலிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நாங்கள் இருப்பது கே.கே. நகரில், மூன்றாவது மாடியில். கூடத்து மேசையை இரண்டு வாரமாக அவளுடைய தெர்மாகோல் பள்ளிக்கூடம் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். வருங்காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளே யோசித்துச் செய்ய வேண்டுமாம். செய்து முடித்ததும் வீட்டில் ஒரு பெரியவர் பார்த்து மதிப்பீடு எழுதித் தர வேண்டுமாம்.

"பாட்டி, நீதான் எழுதணும்."

"நான் எழுதினா உங்க மிஸ்ஸுக்குப் புரியுமா? என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

"பரவால்ல. எங்க மிஸ் எழுத்தும் அப்படித்தான் இருக்கும்."

தாளில் மூன்று கேள்விகள். எது நன்றாக இருக்கிறது. எது குறை. இன்னும் என்ன வேண்டும். அந்த மூன்றையும் இரண்டு தரம் படித்தேன். அதே மூன்று கேள்விகள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த வாத்தியார்களுக்கு நாலாவதாக ஒரு கேள்வி தோன்றவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேத்தியின் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். மாடியில் சூரிய வெளிச்சத்தில் கரண்ட் எடுக்கிற தட்டுகள். லிஃப்ட். நீச்சல் குளம். பாடம் நடத்த ஒரு ரோபோ, அதற்கு மிஸ் மாதிரியே புடவை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் விரல் தானாகவே கட்டிடத்தின் பின்பக்கம் போய்த் தடவியது.

"என்ன பாட்டி தேடுற?"

"ஒண்ணுமில்லடி. பழக்கதோஷம்" என்றேன்.

*

நான் படித்தது ஸ்ரீரங்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைசித் தெருவிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். எட்டாவது வரைக்கும் உண்டு. அப்பாவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரயில் பட்டறையில் ஃபிட்டர் வேலை. அம்மாவுக்கு ரங்கநாதரை விட்டு வர மனசில்லை. அப்பாவுக்கு அம்மாவை விட்டுப் போக மனசில்லை. அதனால் கஷ்டப்பட்டது சைக்கிள்தான். தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்த் தாண்டி வரும்.

பள்ளிக்கூடம் என்றால் கீற்றுக் கொட்டகை. மழைக்கு ஒரு பக்கம் ஒழுகும், வெயிலுக்கு எல்லாப் பக்கமும் ஒழுகும். அது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. பின்னால் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. பெண் பிள்ளைகள் அங்கேதான் ஒதுங்குவோம். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நின்று பாட்டுப் பாடுவாள். பாட்டு நின்றால் ஆள் வருகிறது என்று அர்த்தம். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் நல்ல குரல் வளம் வந்ததற்குக் காரணம் அந்தத் தோப்புதான்.

நான் ஏழாவது படித்த வருஷம் தோப்பை விற்றுவிட்டார்கள். மரத்தையெல்லாம் வெட்டி மனை போட்டார்கள். கல் ஊன்றுகிறவர்கள், வண்டிக்காரர்கள், சும்மா வந்து நிற்கிறவர்கள் என்று ஒரே ஆண்பிள்ளைகள் கூட்டம். நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். காலையில் அம்மாவே அரை டம்ளர் காப்பிக்கு மேல் தரமாட்டாள். வகுப்பு மூலையில் மண்பானை இருக்கும். வெட்டிவேர் போட்ட தண்ணீர், அந்த வாசனையே தொண்டையை இழுக்கும். மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வோம். மத்தியானத்துக்கு மேல் உதடு ஒட்டும், தலை கனக்கும். சாயங்காலம் மணி அடித்ததும் நாங்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, "பொட்டப் புள்ளைங்களுக்கு வீட்டு மேல எவ்வளவு பாசம்" என்று தெருவில் ஒரு தாத்தா தினமும் சொல்வார். பாசமில்லை தாத்தா, வேறு அவசரம்.

எனக்கு ஒரு அக்கா. அந்த வருஷமே அவள் வயசுக்கு வந்ததோடு அம்மா அவளை நிறுத்திவிட்டாள். "மூணு நாளைக்குத் துணி மாத்த எங்கடி போவா? கல்லு நடறவன் முன்னாடியா?" என்று கேட்டாள். அப்பா சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து என் புத்தகத்தை வாங்கி வாங்கிப் படிப்பாள். அடுத்தது நான் என்று எனக்குத் தெரியும். எனக்கோ பள்ளிக்கூடம் என்றால் உயிர். படிப்புக்காக இல்லை. நான் பேசினால் சிரிக்க அங்கேதான் கூட்டம் இருந்தது.

*

அந்தப் பொங்கல் கழிந்து ஒரு நாள் பெரிய டீச்சர் வந்து ஒரு சேதி சொன்னார். அவர்தான் தலைமை ஆசிரியை. மடிசார் கட்டிக்கொண்டு, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் கீறலாக வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமலே நடுங்க வைப்பவர். மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருக்கிற ஒருவர் எங்களுக்குக் கட்டிடம் கட்டித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், அவர் பார்க்க வரும்போது நாங்கள் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்றார்.

அப்போது கைத்தொழில் டீச்சர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். பயிற்சி முடித்த சூட்டோடு வந்தவர். "நம்ம ஸ்கூல் எப்படி இருக்கணும்னு நீங்களே யோசிச்சு அட்டையில கட்டுங்க. அவர் அதைப் பாத்தே கட்டட்டும்" என்றார். நாங்கள் கலகலவென்று சிரித்தோம். அதுவரைக்கும் யாரும் எங்களை யோசிக்கச் சொன்னதில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான் சுவர். எந்தப் பக்கம் பார்த்தாலும் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று இருக்கும். பனையோலைத் துண்டு கூரை. உமியைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துத் தோட்டம். மைதா பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவோம். அந்த நாற்றம் ஒரு மாதத்துக்கு என் விரலை விட்டுப் போகவில்லை. சாதத்தில் வரும், தலைகாணியில் வரும்.

எனக்கும் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பூக்கட்டுகிறவர் மகளுக்கும் கொடுத்த வேலை பின்பக்கம். முன்பக்கம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு. பின்பக்கத்தில் என்ன வைப்பது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் அந்த வார்த்தைதான் வந்தது.

தீப்பெட்டியின் மேல்கூட்டை நிறுத்தி வைத்தால் அறை. அப்படி இரண்டு. உள்பெட்டியைக் குறுக்கே நிறுத்தினால் மறைப்புச் சுவர், யார் உள்ளே போகிறார்கள் என்று தெருவிலிருந்து தெரியாது. சோடா மூடி தண்ணீர்த் தொட்டி. கதவுக்கு நூல் கோத்தோம், திறந்து மூடும். தாழ்ப்பாளுக்குத்தான் பூக்கட்டுகிறவர் மகள் தன் கொண்டை ஊசியை உடைத்துக் கொடுத்தாள். அதற்காக வீட்டில் உதை வாங்கினாள்.

"ஏன்டி, உள்ள இருந்து தாழ்ப்பாள் வச்சா, வெளியில இருந்து நாம எப்படித் திறந்து காட்டறது?" என்றேன்.

"திறந்து காட்டறதுக்கா கட்டறோம்? மூடிக்கறதுக்குத்தானடி" என்றாள்.

மற்றவர்கள் செய்ததையெல்லாம் விட எங்களுடையதைத்தான் எல்லோரும் வந்து வந்து பார்த்தார்கள். கதவைத் திறந்து மூடினார்கள். மூடும்போது ஒவ்வொருத்தி முகத்திலும் ஒரு நிம்மதி வரும். அட்டைதானே, அதில் எறும்புதான் போகமுடியும். இருந்தாலும் வரும்.

*

கைத்தொழில் டீச்சருக்குப் பயிற்சியில் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். எது செய்தாலும் கடைசியில் செய்தவர்களே மதிப்பீடு எழுத வேண்டும். அதை எழுதி, மில்காரர் முன்னால் படிக்க என்னைத்தான் நிறுத்தினார். என் எழுத்துக்காக இல்லை, வாய்க்காக. கரும்பலகையில் அந்த மூன்று கேள்விகளை எழுதிப் போட்டார்.

நான் எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம். நன்றாக இருப்பது: கக்கூஸ். குறை: அது அட்டையில் இருக்கிறது. இன்னும் வேண்டியது: அதையே செங்கல்லில்.

டீச்சர் படித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு, "ஒரு வார்த்தையையும் மாத்தாத" என்றார்.

வீட்டில் அதைச் சொன்னபோது அப்பா பட்டறைக் கறை படிந்த கையால் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கேட்டியா உன் பொண்ணு எழுதினதை? நம்ம ஃபோர்மேன் இவ்வளவு சுருக்கமா எழுதினதில்லை."

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கே இவளும் வயசுக்கு வந்து உட்காருவா. அப்ப தெரியும்" என்றாள் அம்மா.

"உட்காரட்டுமே. கக்கூஸோட கட்டிடம் வந்தா இவ எட்டாவது போவா. பெரிய பள்ளிக்கூடத்துக்கும் போவா."

"வரலன்னா?"

அப்பா கையிலிருந்த கறையைத் தேய்த்தார். "வரலன்னா நீ சொல்றபடி" என்றார்.

அப்படித்தான் என் படிப்பு ஒரு தீப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தாழ்ப்பாளை ஒழுங்கா ஒட்டினியா?" என்று மட்டும் கேட்டாள்.

*

மில்காரர் வருகிற நாள். அவர் பூஜை போடாமல் எதையும் தொடங்க மாட்டாராம். கட்டப்போகிற கட்டிடத்தின் மாதிரி இருப்பதால் அதற்கே பூஜை போட்டுவிடலாம், கொத்தனாரையும் கூட்டி வருகிறேன், அளவு எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். காலையிலேயே பலகையில் கோலம் போட்டு அட்டைப் பள்ளிக்கூடத்தை அதன்மேல் ஏற்றினோம். நாலு மூலைக்கும் மஞ்சள் குங்குமம். குத்துவிளக்கு, தேங்காய், பழம்.

பெரிய டீச்சர் பூக்கூடையோடு வந்தார். முன்னால் பார்த்தார், தலையை ஆட்டினார். பக்கத்தில் பார்த்தார். பின்னால் வந்தார். நின்றுவிட்டார்.

"இது என்னடி?"

நான் பெருமையாகக் கதவைத் திறந்து காட்டினேன்.

"பெருமாளே" என்று கூடையைக் கீழே வைத்தார். "கற்பூரம் காட்டப்போற எடம்டி இது. இதுக்கும் சேத்தா ஆரத்தி காட்டறது? அவர் சாஷ்டாங்கமா விழுவார். எது முன்னாடி விழறோம்னு அவருக்குத் தெரியவேண்டாமா?"

கைத்தொழில் டீச்சர் மெதுவாக, "மேடம், பொண்ணுங்களுக்கு அது ரொம்ப அவசியம்" என்றார்.

"அவசியம் இல்லேன்னு யார் சொன்னா? கட்டறச்சே சொல்லிக்கலாம். பூஜைலே வேண்டாம்."

பிளேடை வாங்கி அவரே அறுத்தார். பசை நன்றாகக் காய்ந்திருந்தது, எளிதில் வரவில்லை. வந்தபோது உமித் தோட்டத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. வெறும் இடமாக இருந்தால் கண்ணை உறுத்தும் என்று, களிமண்ணில் சின்னதாக ஒரு துளசி மாடம் செய்து, வீட்டிலிருந்து துளசித் தளிர் கொண்டுவரச் சொல்லி நட்டு, அங்கே வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பிறகு என் மதிப்பீட்டை வாங்கிப் படித்தார். அவர் காது சிவந்தது. பக்கத்தில் உட்கார வைத்து அவர் சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார். நன்றாக இருப்பது: யாவும். குறை: ஏதுமில்லை. இன்னும் வேண்டியது: பெரியோர்களின் ஆசீர்வாதம்.

"அப்ப கக்கூஸ், டீச்சர்?"

"அதெல்லாம் பெரியவா பாத்துப்பா. நீ நிறுத்தி நிதானமா படி. விழுங்காதே."

மில்காரர் வந்தார். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கிட்டே வந்தால் புழுங்கல் நெல் வாசனை. தேங்காய் உடைத்தார். கற்பூரம் காட்டினார். உண்மையிலேயே சாஷ்டாங்கமாக விழுந்தார், எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். விழுங்கவில்லை. 'குறை ஏதுமில்லை' என்கிற இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து எனக்குக் கொடுத்தார்.

கொத்தனாரைக் கூப்பிட்டுச் சொன்னார். "புள்ளைங்க ஆசையா செஞ்சிருக்கு. பூஜையும் ஆயிடுச்சு. பூஜை போட்ட அமைப்பை இனிமே மாத்தக்கூடாது. எது எங்க இருக்கோ அது அங்கதான் வரணும். ஒரு செங்கல் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

"சரிங்க முதலாளி" என்றார் கொத்தனார். அவர் நல்ல வேலைக்காரர். சொன்னால் சொன்னபடி செய்பவர். அதுதான் எங்கள் கெட்ட நேரம்.

எல்லோரும் போன பிறகு குப்பைக் கூடையில் தேடித் தீப்பெட்டிக் கக்கூஸை எடுத்துப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. தாழ்ப்பாள் மட்டும் நன்றாக வேலை செய்தது.

*

மாசியில் கடைக்கால் தோண்டினார்கள். பங்குனியில் சுவர் எழும்பியது. பெரிய டீச்சர் கொத்தனாரிடம் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். மில்காரரிடம் கைத்தொழில் டீச்சர் சொல்லியிருப்பார் என்று பெரிய டீச்சர் நினைத்தாராம். கைத்தொழில் டீச்சர் லீவு விட்டதும் ஊருக்குப் போனவர், கல்யாணமாகித் திரும்பி வரவே இல்லை. ஒரு பெரிய மனுஷரிடம் போய் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று எல்லோரும் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கொத்தனார் மட்டும் கூச்சமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார்.

சித்திரையில் நான் உட்கார்ந்தேன். புட்டு சுற்றினார்கள், உளுந்தங்களி கொடுத்தார்கள். அக்காதான் தலைக்கு ஊற்றினாள். நான் ஜன்னல் வழியாக அப்பாவிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, பின்னாடி போய்ப் பாத்தீங்களா?"

"ஓடு போடறாங்கம்மா. பின்னாடி சாரம் கட்டியிருக்கு. தெரியல."

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் அப்பா என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். புதுச் சுண்ணாம்பு வாசனை தெருமுனைக்கே வந்தது. கட்டிடம் எங்கள் அட்டை மாதிரியே இருந்தது. அதே ஜன்னல், அதே படி, அதே சாய்ப்பு. நான் இறங்கிப் பின்பக்கம் ஓடினேன்.

இடுப்பு உயரத்துக்குத் துளசி மாடம். காவியும் வெள்ளையும் பட்டை அடித்து, விளக்கு வைக்கக் குழி விட்டு, மேலே செடி நட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தது. அப்போதுதான் ஊற்றியிருக்க வேண்டும். சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா கொத்தனாரைக் கேட்டார். "பொண்ணுங்களுக்குக் கக்கூஸ் எங்கங்க?"

"கக்கூஸா? பொம்மையில இல்லீங்களே."

"இருந்துச்சு. இந்த இடத்துலதான்."

"இந்த இடத்துலங்களா?" கொத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "துளசியம்மா இருக்கிற இடத்துல போயி. வாயைக் கழுவுங்க."

"சரி, வேற பக்கமாவது கட்டலாமில்ல?"

"முன்னாடி தெரு. இந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவரு. அந்தப் பக்கம் குடிக்கிற கிணறு. பின்னாடிதான் இடம், அங்க தாயாரு உக்காந்துட்டாங்க. நான் என்னங்க செய்ய?"

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் வந்தார். மாடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தாவணியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "மத்தியானத்துலே வேணும்னா எங்காத்துக்கு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டில் ஒரு மாமியார் இருந்தார். எங்களைப் போன்ற வீட்டுப் பெண்களை நடைக்கு மேல் விடாதவர். பெரிய டீச்சர் குனிந்தார். கீழே கிடந்த துளசி இலை ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர்மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அவரும் காலை மணியிலிருந்து சாயங்கால மணி வரை அதே கொட்டகையில்தான் இருந்தார். அவர் தண்ணீர் குடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. விரதம் என்று நினைத்தோம். பெரிய டீச்சருக்கும் அடிவயிறு என்று ஒன்று இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்காவது தோன்றியதா?

அப்பா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மண்ணச்சநல்லூருக்கே போனார். பொழுது சாயத் திரும்பினார். சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி. அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"நல்ல மனுஷர்தான். உக்கார வச்சு மோர் குடுத்தார்" என்றார் அப்பா.

"என்னதான் சொன்னார்?"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு கட்டியிருப்பேனே, எனக்கும் பொண்ணுங்க இருக்குன்னார். பூஜை போட்டு நட்ட துளசியை இனிமே யார் கையால பிடுங்கறதுன்னு அவரே கேக்கறார். அப்புறம்..." அப்பா என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "உங்க பொண்ணே எழுந்து நின்னு குறை ஏதுமில்லன்னு படிச்சுதேன்னார்."

ஜெயித்தது அம்மாதான். ஆனால் அழுததும் அவள்தான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது. அக்கா நகர்ந்து உட்கார்ந்து அடுப்படியில் எனக்கு இடம் விட்டாள்.

பூக்கட்டுகிறவர் மகளும் அந்த வருஷத்தோடு நின்றாள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடம் அழகாகத்தான் இருந்தது. தினமும் மாடத்தில் விளக்கு ஏற்றினார்கள்.

தீப்பெட்டிக் கக்கூஸில் ரொம்ப நாள் ஊக்கு போட்டு வைத்திருந்தேன். கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து வேறு வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. போன வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனவள் அந்தத் தெருவுக்கும் நடந்தேன். பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். மாடத்தை மட்டும் இடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சுற்றிலும் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன, நடுவில் அது நிற்கிறது. செடி காய்ந்துபோய்க் குச்சியாக இருந்தது. லாட்ஜில் அறைக்கு அறை கக்கூஸ் இருப்பதாக வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

*

இதையெல்லாம் பேத்தியிடம் நான் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஏன்டி, இவ்வளவு வச்சிருக்கியே, பொண்ணுங்களுக்கு பாத்ரூம் எங்க?"

"ஐயே, அதெல்லாம் ப்ராஜெக்ட்ல வைக்கமாட்டாங்க பாட்டி."

"சரி. உங்க ஸ்கூல்ல இருக்கா?"

"இருக்கே. டைல்ஸெல்லாம் போட்டு சூப்பரா இருக்கும். பூட்டி வச்சிருப்பாங்க, இல்லன்னா அழுக்காயிடும்ல. சாவி ஆபீஸ்ல இருக்கும். போய்க் கேட்டா அங்க இருக்கிற சார் எதுக்குன்னு கேப்பாரு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"நான் தண்ணியே குடிக்கமாட்டேனே" என்றாள். கெட்டிக்காரத்தனமாக ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டதுபோல் சிரித்தாள். "எங்க செட்ல யாருமே குடிக்கமாட்டோம்."

அவள் தூங்கப் போன பிறகு தாளை எடுத்து, கோழி கிண்டின எழுத்தில் எழுதினேன். நன்றாக இருப்பது: ரோபோவின் புடவை. குறை: கக்கூஸ் இல்லை. இன்னும் வேண்டியது: இருக்கிற கக்கூஸின் சாவி.

காலையில் மருமகள் படித்துவிட்டு வந்தாள். அவள் வேலைக்குப் போகிறவள், அலைச்சலோடு அலைச்சலாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். கெட்டவள் இல்லை. இந்தக் கதையில் யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"அத்தை, நீங்க எழுதினது நெஜம்தான். எனக்கும் தெரியும். போன வருஷம் ஒரு பொண்ணோட அம்மா குரூப்ல இதையே கேட்டாங்க. மறுநாள் அந்தப் பொண்ணை மிஸ் கிளாஸ்ல நிக்க வச்சு, 'உனக்கு மட்டும்தான் அர்ஜென்ட்டா'ன்னு கேட்டுட்டாங்க. அது ஒரு வாரம் ஸ்கூலுக்கே போகல."

பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, ப்ளீஸ். மார்க் போயிடும். எல்லாரும் சிரிப்பாங்க. நானே எழுதிடறேன், நீ சைன் மட்டும் போடு."

புதுத் தாளில் அவளே முத்து முத்தாக எழுதினாள். முதலில், எல்லாமே சூப்பர். இரண்டாவதுக்கு என்ன எழுதுவது என்று யோசித்து, "குறை எதுவும் இல்லைன்னு போடவா பாட்டி?" என்று கேட்டாள்.

"'ஏதுமில்லை'ன்னு போடு. அது இன்னும் மரியாதையா இருக்கும்" என்றேன். அவள் அப்படியே போட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்ததில் மிச்சமிருப்பது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். அதுவும் இதற்குத்தான் உதவியது.

ப்ராஜெக்டுக்கு முதல் பரிசு. ஸ்கூல் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களாம்.

தினமும் காலையில் பேத்தியின் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் அவள் பையைப் போட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடுவாள். நான் பாட்டிலை எடுத்துப் பார்ப்பேன். காலையில் நிரப்பியபடியே, கழுத்து வரைக்கும் இருக்கும். கீழே கொட்ட மனசு வராது. பால்கனியில் மருமகள் ஒரு துளசித் தொட்டி வைத்திருக்கிறாள். அதில் ஊற்றிவிடுவேன்.

செடி நன்றாகத் தழைத்திருக்கிறது.